வெள்ளவத்தையில் ஓர் ஒத்திகை அறை: சொந்தப் பாட்டுக் கட்டுகிறவர்களுக்காக ஒரு மதிப்புரை

காலி வீதியில் 100ஆம் அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் வந்து, வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகில் இறங்கி, கடல் பக்கமாகப் போகும் ஒழுங்கைகளில் ஒன்றினுள் திரும்பினால், தையற்கடை ஒன்றின் மேல்மாடியில் இந்த அறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. அயலவர்கள் இரண்டு தடவை முறைப்பாடு செய்த பின்னர், விளம்பரமே வேண்டாம் என்று உரிமையாளர் முடிவெடுத்துவிட்டார். இந்த மதிப்புரையை எழுதப்போவதாகச் சொன்னபோதும், "பேரைப் போடாதேங்கோ தம்பி, ஆக்கள் கூடினால் சத்தமும் கூடும்" என்றுதான் கேட்டுக்கொண்டார். ஆகவே பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அந்தப் பகுதியில் கிட்டாரைத் தோளில் தொங்கவிட்டபடி நடக்கும் எவரைக் கேட்டாலும் வழி சொல்வார்.

நாங்கள் நால்வர். பாடுகிறவர் தெஹிவளை, கிட்டார் வாசிப்பவர் பம்பலப்பிட்டி, ட்ரம்ஸ்காரர் கொட்டாஞ்சேனை. பேஸ் கிட்டாரும் பாட்டு வரிகளும் என் பொறுப்பு. கடந்த 14 மாதங்களாக வாரத்துக்கு ஒரு நாளாவது இந்த அறையில் மூன்று மணித்தியாலம் இருந்திருக்கிறோம். ஒத்திகை அறைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக அம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) என்ன ரகம், குளிரூட்டி வேலை செய்கிறதா என்பவற்றைத்தான் பார்ப்பார்கள். அவற்றையும் சொல்கிறேன். ஆனால் சொந்தமாகப் பாட்டுக் கட்ட விரும்பும் ஒரு றொக் குழுவுக்கு, அரைகுறையாக உள்ளே கொண்டுபோன பாட்டு முழுதாக வெளியே வந்ததா என்பதே முதற்கேள்வி. எங்கள் கணக்கு இது: 31 பாட்டுகளைத் தொடங்கினோம், ஒன்பது முடிந்திருக்கின்றன. இதற்கு முன்னர் வாடகைக்கு எடுத்த அறைகளில் இரண்டு ஆண்டுகளில் முடித்தது இரண்டே இரண்டு.

அந்த இரண்டு ஆண்டுகளும் நாங்கள் கல்யாண வீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் பிறருடைய பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தோம். அதில் இழிவு ஒன்றும் இல்லை, கைபழகியது அங்கேதான். பீட்டில்ஸ் குழுவின் முதலாவது நெடுந்தட்டில் உள்ள 14 பாடல்களில் ஆறு பிறர் எழுதியவை. அந்தத் தட்டுக்கான பத்துப் பாடல்களை 1963 பெப்ரவரி 11ஆம் திகதி ஒரே நாளில் பதிவுசெய்து முடிக்க அவர்களால் முடிந்ததென்றால், அதற்குக் காரணம் ஹம்பர்க் விடுதிகளில் இரவிரவாகப் பிறர் பாடல்களை வாசித்துத் தழும்பேறிய கைகள்தான். அடுத்த ஆண்டு யூலையில் வந்த மூன்றாவது தட்டில் இருந்த 13 பாடல்களும் லெனனும் மக்கார்ட்னியும் எழுதியவை. ஆறிலிருந்து பூச்சியத்துக்கு வர அவர்களுக்கு ஒன்றரை ஆண்டுகூட எடுக்கவில்லை. எங்களுக்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்காதீர்கள்.

முதலில் அறையின் கட்டுமானம். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்ற நம்பிக்கை கொழும்பில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த அட்டைகள் அறைக்குள் எதிரொலிக்கும் மெல்லிய உச்ச ஒலிகளைச் சிறிது மட்டுப்படுத்துமே தவிர, காலால் அடிக்கும் கிக் ட்ரம்மையும் பேஸையும் தடுக்கமாட்டா. தாழ்ந்த ஒலியைத் தடுக்கப் பாரம் வேண்டும், இடைவெளியும் வேண்டும். இங்கே வெளிச்சுவரைத் தொடாமல் உள்ளே மரச்சட்டத்தில் இன்னொரு சுவர் எழுப்பி, இரட்டை ஜிப்சம் பலகை அடித்து, நடுவில் ரொக்வூல் என்ற பாறைப்பஞ்சு நிரப்பியிருக்கிறார்கள். கதவு இரண்டு, இரண்டுக்கும் விளிம்பில் தடித்த இறப்பர். இரண்டையும் மூடினால் காலி வீதி காணாமற்போய்விடும். கடலோரப் புகையிரதத்தின் ஒலி மட்டும் காணாமற்போகாது. அது காற்றினூடாக அன்றி நிலத்தினூடாக வருகிறது. புகையிரதம் கடக்கும்போது ஸ்னேர் ட்ரம்மின் அடியில் இருக்கும் கம்பிச்சுருள்கள், எவரும் தொடாமலே, சிர்ரென்று நடுங்கத் தொடங்கும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு, அந்த நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்த இடைவெளி ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் இரண்டு தாளவட்ட மௌனமாகவே தங்கிவிட்டது. இப்போது அதை எங்கே வாசித்தாலும் அந்த இடத்தில் நான்கு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம்.

அறையின் அளவு நீளம் 14 அடி, அகலம் 11 அடி. இதில் ஒரு சிக்கல் உண்டு. பேஸ் வாசிப்பவன் என்பதால் அதன் அடியை முதலில் வாங்கியவன் நான். 14 அடி நீளமான அறையில் ஏறத்தாழ 40 ஹேர்ட்ஸ் ஒலி இரு முனைச் சுவர்களிலும் திரண்டு நிற்கும், நடு அறையில் வற்றிப்போகும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் சுரம் 41 ஹேர்ட்ஸ். ஆகவே நான் அந்தச் சுரத்தைத் தொடும்போதெல்லாம், சுவரோரம் இருக்கும் ட்ரம்ஸ்காரர் "குறையுங்கோ" என்று கத்துவார், நடுவில் நிற்கும் பாடகர் "கூட்டுங்கோ" என்று கத்துவார். இரண்டு மாதம் இதற்காகச் சண்டை பிடித்தோம். உரிமையாளர் ஒரு நாள் உள்ளே வந்து, என்னை அந்தச் சுரத்தை விடாமல் மீட்டச் சொல்லிவிட்டு, பாடகரைக் கையில் பிடித்துச் சுவரிலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து சுவருக்கும் நடத்திக் காட்டினார். அதன் பின்னர், அந்தச் சுரத்தில் குந்தியிருந்த மூன்று பாட்டுகளை மேலே நகர்த்தினோம். பாடகரின் குரலும் அங்கே கூடுதலாகத் திறந்துகொண்டது. அறையின் குறைபாடு ஒன்று பாட்டின் சுருதியைத் திருத்தியது என்றால் நம்பக் கடினமாகத்தான் இருக்கும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரண்டு கிட்டார் அம்ப், ஒரு பேஸ் அம்ப், ஐந்து உருப்படி ட்ரம்ஸ், சிறிய மிக்ஸர், பாடுகிறவர் தன் குரலைக் கேட்க இரண்டு மொனிட்டர் பெட்டி. இடப்பக்கக் கிட்டார் அம்ப் இரைகிறது. நிலத்தொடுப்பில் ஏதோ பிழை, பல தடவை சொல்லியும் திருத்தப்படவில்லை. கேபிள்களின் நுனிகள் கடற்காற்றில் பச்சை பிடித்திருக்கின்றன. சொந்தக் கேபிள், சொந்த ஸ்னேர், சொந்தச் சிம்பல் கொண்டுபோகிறவர்களுக்கு இவை பெரிய விடயமல்ல. தந்திகளையும் அங்கே தொங்கவிட்டு வைக்காதீர்கள், இரண்டு வாரத்தில் துருப்பிடித்துவிடும். டொலர் 200 ரூபாவில் இருந்து 300ஐத் தாண்டி ஓடிய 2022இல் ஒரு கட்டுத் தந்திக்கு அலைந்தவர்களுக்கு இந்தப் புத்திமதி தேவைப்படாது.

இனி, இந்த அறையை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தும் பொருளுக்கு வருகிறேன். கூரையின் நடுவில், ஒரு கொக்கியில், உள்ளங்கையளவு ஒலிப்பதிவுக் கருவி தொங்குகிறது. விளக்குப் போட்டவுடன் அது ஓடத் தொடங்கும், நீங்கள் வெளியேறும்வரை நிற்காது. போகும்போது மூன்று மணித்தியாலப் பதிவையும் உரிமையாளர் உங்கள் பென்டிரைவில் ஏற்றித் தருவார். தன்னிடமுள்ள பிரதியை இரண்டு வாரத்தில் அழித்துவிடுவார். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அதை நடுவில் நிறுத்தச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுவார்.

முதல் தடவை அந்தப் பதிவை ஒழுங்கை முனையில் உள்ள சைவக் கடையில் இருந்து, பிளேன் டீயும் வடையும் ஆறிப்போக, ஒரு கைபேசியில் நால்வரும் கேட்டோம். மூன்று மணித்தியாலத்தில் வாசித்தது 70 நிமிடம். மிச்சம் முழுவதும் சுருதி கூட்டுதலும், கதையும், அவரவர் தனியே மீட்டிக்கொண்டிருந்த துண்டுகளும். வாசித்த 70 நிமிடத்திலும் ஒரே கோரஸை, அதாவது பல்லவியை, 19 தடவை திருப்பித் திருப்பி வாசித்திருக்கிறோம், சரணத்துக்கு வரியே இல்லாமல். பாட்டுக் கட்டுகிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, ஏற்கெனவே பிடித்துப்போன ஒரு துண்டை அனுபவித்துக்கொண்டிருந்ததைத்தான். அன்று முதல், வரி எழுதாத சரணத்தோடு அறைக்குள் போவதில்லை என்று முடிவுசெய்தோம். என் பாடு திண்டாட்டமாகியது. எனினும் ஒன்பது பாட்டு முடிந்ததற்கு அந்த முடிவே காரணம்.

அந்தப் பதிவுகள் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தன. றொக் மெட்டு பெரும்பாலும் கிட்டாரில் பிறக்கிறது. கிட்டாரில் பிறக்கும் கோரஸ் முதல் அடியிலேயே ஒரு நீண்ட சுரத்தைக் கேட்கும். அந்த இடத்தில் நான் "விடு" என்று எழுதியிருந்தேன். கையை விடு, போகவிடு என்ற பொருளில் ஒரு பிரிவுப் பாட்டு. பாடகர் அந்த முதல் எழுத்தை நான்கு அடிக்கு இழுத்தார். அறைக்குள் எவருக்கும் பிழை தெரியவில்லை, ஏனென்றால் வரியை நாங்கள் அறிவோம். கடையில் இருந்து கேட்டபோது, பக்கத்து மேசையில் இருந்த ஒருவர், "வீடு விற்கிறதைப் பற்றிய பாட்டோ?" என்று கேட்டார். குறிலை நீட்டினால் அது வேறு சொல்: விடு வீடாகும், மலை மாலையாகும், கல் காலாகும், பல் பாலாகும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்தது பரீட்சைக்கு மட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இதற்குப் பிறகு நான் எழுதும் முறையே மாறிவிட்டது. கிட்டார்காரர் தரும் மெட்டை முதலில் சொல் இல்லாமல் தத்தகாரமாகப் பாடவைத்து, நீண்ட சுரம் எங்கெங்கே விழுகிறது என்று ஒரு கொப்பியில் கோடு இழுத்துக்கொள்கிறேன். அந்தக் கோடுகளின் மேல் நெடில் மட்டுமே வரலாம். "விடு" இருந்த இடத்தில் "போ" வந்தது. ஒரே எழுத்து, நான்கு அடிக்கும் தாராளமாக நீளும், எவ்வளவு நீட்டினாலும் பொருள் மாறாது. நன்னூல் கணக்கிடும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் 40 நெடில். வா, போ, தீ, பூ, நீ என்று கோரஸின் உச்சியில் நிறுத்தத் தக்க சொற்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. தமிழ் றொக்குக்கு ஒத்துவராத மொழி என்று சொல்கிறவர்களிடம் அந்தப் பட்டியலைக் காட்ட வேண்டும் போலிருக்கிறது.

தாளத்திலும் இதே போன்ற ஒரு காட்டிக்கொடுப்பு நடந்தது. கொழும்பில் வளர்ந்த ட்ரம்ஸ்காரரின் கை, களைத்தவுடன் பைலாவின் ஆறடித் துள்ளலுக்குத்தான் போகும். பாடகர்கள் ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் நம் பேச்சுத் தமிழை அந்தத் துள்ளலில் எவ்வளவு இலகுவாக உட்கார வைத்தார்கள் என்பதைக் கேட்டு வளர்ந்த காதுகள் எங்களுடையவை. நாலடித் தாளத்தில் தொடங்கிய ஒரு பாட்டு, மூன்றாவது தடவை வாசிக்கும்போது ஆறாக உருண்டுகொண்டிருந்ததைப் பதிவில்தான் கண்டுபிடித்தோம். அதைத் திருத்தவில்லை. சரணத்தை நாலிலும் கோரஸை ஆறிலும் வைத்துக்கொண்டோம். எங்கள் ஒன்பதில் மக்கள் எழுந்து ஆடுவது அந்த ஒன்றுக்குத்தான் என்பதை, மற்ற எட்டையும் எழுதியவன் என்ற முறையில் சற்று மனவருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

குறையையும் சொல்ல வேண்டும். சென்ற மாரியில் ஒரு நாள், கருவியின் நினைவட்டை நிறைந்திருந்ததை எவரும் கவனிக்கவில்லை. அன்று கடைசி அரை மணித்தியாலத்தில், நால்வரும் ஒருவரை ஒருவர் பாராமலே, ஒரு பாட்டின் இணைப்புப் பகுதி தானாக வந்து விழுந்தது. பென்டிரைவில் முதல் ஒரு மணித்தியாலம் மட்டுமே இருந்தது. மறுவாரம் முழுவதும் அதை மீட்டெடுக்க முயன்றோம். கிடைத்தது ஏறக்குறைய அதுபோல ஒன்று; அது அதுவல்ல. உரிமையாளர் அடுத்த இரண்டு தடவைக்குப் பணம் வாங்கவில்லை, புதிய அட்டையும் வாங்கிப் போட்டார். ஆனாலும் இப்போது கைபேசி ஒன்றையும் அம்ப்புக்கு மேல் ஓடவிட்டுத்தான் தொடங்குகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பதிவுகளில் திகதி இருப்பது இன்னொரு விதத்திலும் உதவியது. பாட்டு யாருடையது என்ற கேள்வி எந்தக் குழுவையும் ஒரு நாள் பிடிக்கும். எங்களை ஏழாவது மாதத்தில் பிடித்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓர் ஆக்கம் உருவான கணத்திலேயே, எங்கும் பதியாமலே, அதை ஆக்கியவருக்கு உரிமை வந்துவிடுகிறது. அவர் காலத்துக்குப் பின்னரும் 70 ஆண்டுகள் நிற்கிறது. ஆனால் யார் எதை ஆக்கினார் என்பதைச் சட்டம் வந்து சொல்லித்தராது. வரி என்னுடையது என்று நானும், மெட்டு தன்னுடையது என்று கிட்டார்காரரும் நின்றபோது, பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டோம். அந்த மெட்டின் திருப்பம் ட்ரம்ஸ்காரர் வாயால் முணுமுணுத்தது என்று தெரியவந்தது. அவருக்கே அது நினைவில்லை. அமெரிக்க றொக் குழுவான ஆர்.ஈ.எம். தங்கள் பாடல்களில் நான்கு பேரின் பெயரையும் சமமாகப் போட்டுவந்ததைப் பாடகர் நினைவூட்டினார். அதையே நாங்களும் ஏற்று, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம். கையெழுத்திடும்போது எனக்கு அரைமனம்தான். இப்போது கேட்டால் முக்கால் மனம் என்பேன்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், தொடர்மாடியின் படிக்கட்டில் ஒரு மரக் கிட்டாரை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டிப் பழகியவர்கள் நாங்கள். ஆகவே இருட்டு எங்களுக்குப் பிரச்சினை அல்ல. இங்கே ஜெனரேட்டர் உண்டு. விளக்கையும் அம்ப்புகளையும் தாங்கும், குளிரூட்டியைத் தாங்காது. யன்னலே இல்லாத இரட்டைச் சுவர் அறையில் குளிரூட்டி நின்றால் கால் மணித்தியாலத்தில் ட்ரம்ஸ்காரரின் சேட்டைப் பிழியலாம். ஏப்ரலில் போகிறவர்கள் மாற்றுச் சேட்டும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோவது நல்லது.

கட்டணம் மாலையிலும் வார இறுதியிலும் மணித்தியாலத்துக்கு 1,800 ரூபா. சுற்றுவட்டாரத்தில் இது மலிவு அல்ல. ஆனால் கிழமை நாட்களில் காலை 10 முதல் 1 மணி வரை, சொந்தப் பாட்டு வாசிக்கும் குழுக்களுக்கு மூன்று மணித்தியாலமும் சேர்த்து 3,600 ரூபாதான். ஒரு காலத்தில் கல்யாண வீடுகளுக்குக் கீபோர்ட் வாசித்தவர் உரிமையாளர். தன் பெயரில் ஒரு பாட்டுக்கூட இல்லாமல் 20 வருடம் வாசித்ததாக ஒரு தடவை சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை. சலுகை கேட்டு முதல் நாள் போகிறவர்களிடம் ஒன்றைக் கேட்பார்: "முடிக்காத பாட்டு ஒண்டு வாசியுங்கோ." முடித்த பாட்டை வாசித்துக் காட்டிய ஒரு குழுவுக்கு மாலைக் கட்டணத்தையே சொல்லி அனுப்பியதை நான் கண்ணால் கண்டேன். நியாயமா என்றால், எனக்குத் தெரியவில்லை. அந்தக் குழு நன்றாகத்தான் வாசித்தது.

முன்பதிவு தொலைபேசியில் மட்டும், அதுவும் முதல் நாள் மாலைக்கு முன்னர். கொப்பி எழுத்துத்தான் என்பதால் ஒரே நேரத்துக்கு இரண்டு குழு வந்து நிற்பது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். காலையில் ஒரு அழைப்பு எடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். வாகனம் நிறுத்த இடமில்லை, ஒழுங்கைக்குள் முச்சக்கரவண்டி வரும். மாடிப்படி குறுகலானது. பேஸ் அம்ப்பைக் கொண்டுபோக நினைக்கிறவர்கள் நினைக்கவேண்டாம்; நாங்கள் ஒரு தடவை கொண்டுபோய், தையற்கடை அக்காவின் உதவியோடு கைபிடியைக் கழற்றித்தான் இறக்கினோம். புதன் காலை மட்டும் கேட்காதீர்கள், அது எங்களுடையது. பத்தாவது பாட்டின் சரணத்துக்கு இன்னும் வரி வரவில்லை.